'இனி ஒன்றும் செய்ய ஏலாது' என்ற பிறகு செய்ய வேண்டியவை

"இனி வைத்தியத்தால ஒண்டும் செய்ய ஏலாது. வீட்டை கொண்டுபோய்ப் பாருங்கோ."

திருகோணமலையில் முற்றிய புற்றுநோயோ இருதய வருத்தமோ உள்ள பலரின் குடும்பங்கள் இப்படி ஒரு வசனத்தைக் கேட்டிருப்பார்கள். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் கண்டிக்கும் மாதக்கணக்காக அலைந்து களைத்தவர்களின் காதில் இது ஒரே விதமாகத்தான் விழும்: கைவிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதும் அந்த எண்ணத்தின்படியே நடக்கிறது. வலி வந்தால் பனடோல். சாப்பாடு இறங்காவிட்டால் எங்கேயாவது கொண்டுபோய் ஒரு சேலைன். படுத்திருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கேட்க எல்லோருக்கும் பயம்.

அந்த வசனம் சொல்ல வந்தது ஒன்றைத்தான்: நோயை மாற்றும் வைத்தியம் முடிந்துவிட்டது. வலியை அடக்குவது, மூச்சுத் திணறலை ஆற்றுவது, புண் வராமல் பார்ப்பது, பயந்திருப்பவரோடு பேசுவது, பார்க்கிற குடும்பத்தைத் தாங்குவது ஆகிய வேலைகள் அந்த இடத்தில்தான் கூடுகின்றன. அவற்றில் பெரும்பங்கு தாதியரின் கையில் இருக்கிறது. அந்த வேலையின் அடிப்படைகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

எதை எப்படிச் சொல்கிறார்கள்

குணமாக்க முடியாத நோயுள்ளவரின் வேதனையைக் குறைத்து, இருக்கும் நாட்களை அவர் விரும்பும் விதத்தில் வாழ வைக்கும் பராமரிப்புக்கு நோய்தணிப்புப் பராமரிப்பு என்று பெயர். வைத்தியசாலைகளில் 'பலியேட்டிவ் கெயார்' என்பார்கள். இது சாவுக்கு முதல் வாரம் தொடங்குவதில்லை. நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்தே, கீமோ ஏற்றும்போதும் கதிர்வீச்சு கொடுக்கும்போதும் கூடவே நடக்கலாம். நடக்கவும் வேண்டும். புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் இல்லை. இருதயம் பலவீனமானவர், சிறுநீரகம் செயலிழந்தவர், நுரையீரல் கெட்டவர், மறதி நோய் முற்றியவர் எல்லோருக்கும் இது தேவை.

இதன் கடைசிப் பகுதி, அதாவது மரணம் அண்மித்த மாதங்களிலும் வாரங்களிலும் நாட்களிலும் நடப்பது, வாழ்வின் இறுதிப் பராமரிப்பு. மனமும் சமூகமும் சேர்ந்த பக்கத்தை உளசமூகம் என்கிறோம். பயம், கோபம், கடன், பிள்ளைகளின் படிப்பு, பேச்சு நின்றுபோன தம்பி எல்லாம் அதற்குள் வரும். போருக்கும் சுனாமிக்கும் பிறகு இந்தச் சொல் நம் ஊரில் பழகிப்போனது. ஆனால் நோயாளியின் கட்டிலருகே அதற்கு என்ன வேலை என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

பகலில் பொறுக்கலாம், இரவில் ஏலாது

பல்வலி வந்தவருக்கு இது தெரியும். பகலில் கடைக்குப் போய், நாலு பேரோடு கதைத்து, எப்படியோ சமாளித்துவிடலாம். இரவு பதினொரு மணிக்கு வீடு அடங்கிய பிறகு அதே பல் உயிரை வாங்கும். படுக்கும்போது தலைப்பக்கம் இரத்தம் கொஞ்சம் கூடுவது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. தனிமை, நித்திரையின்மை, 'விடிய எவ்வளவு நேரம் இருக்கு' என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து வலியைப் பெரிதாக்குகின்றன.

இதற்கு உடலுக்குள்ளேயே காரணம் உண்டு. காயப்பட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாகச் செய்தி முள்ளந்தண்டு வடத்துக்குப் போகிறது. அங்கிருந்து அது அப்படியே மூளைக்குக் கடத்தப்படுவதில்லை. முள்ளந்தண்டிலேயே சில செய்திகள் அடக்கப்படும், சில பெருக்கப்படும். 1965இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இருவரும் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்துவிட்டது. மூளையும் கீழ்நோக்கிக் கட்டளை அனுப்புகிறது. பயந்திருக்கும் மூளை வலிச் செய்தியைக் கூட்டிவிடும், ஆறுதலாக இருக்கும் மூளை குறைத்துவிடும். ஆகவே மனத்தால் கூடும் வலி கற்பனை வலி ஆகாது. அதே நரம்பில் ஓடும் உண்மையான வலிதான் அது.

இங்கிலாந்தில் சிசிலி சோண்டர்ஸ் என்பவர் முதலில் தாதியாகவும், பிறகு வைத்தியசாலைச் சமூக சேவையாளராகவும், கடைசியில் டொக்டராகவும் வேலை செய்தவர். மரணத்தை நெருங்கியவர்களுக்கென 1967இல் லண்டனில் சென்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற ஹொஸ்பிஸைத் தொடங்கினார். நோயாளிகள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அவர் 'முழு வலி' என்ற கருத்தை உருவாக்கினார். அதன்படி ஒருவரின் வேதனைக்கு நாலு பக்கங்கள் உண்டு. உடல், மனம், சமூகம், ஆன்மா. உடல் பக்கத்தில் கட்டி எலும்பை அழுத்துகிறது. மனப் பக்கத்தில் 'மூச்சு முட்டிச் சாகப் போறேனோ' என்ற பயம். சமூகப் பக்கத்தில் அடகு வைத்த நகை, கரைசேராத மகள். ஆன்மாவின் பக்கத்தில் 'நான் ஆருக்கு என்ன பாவம் செய்தேன்' என்ற கேள்வி. மூன்று பக்கங்களை விட்டுவிட்டு ஒன்றுக்கு மட்டும் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் நோயாளி மயங்குவார், வேதனை அப்படியே இருக்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: நோய் மாறாவிட்டாலும் வேதனையைக் குறைக்கலாம். வேதனைக்கு நாலு பக்கங்கள் இருப்பதால் மருந்தோடு பேச்சும் விசாரிப்பும் சிகிச்சையின் பகுதிகள்தான்.

மிஸ்ஸி ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்

'நோகுதா?' என்ற ஒரு கேள்வியால் பிரயோசனம் குறைவு. நம்மவர்கள் 'பரவாயில்லை மிஸ்ஸி' என்று சொல்லிவிடுவார்கள். எங்கே நோகிறது, எப்போது கூடுகிறது, எப்படித் திரும்பிப் படுத்தால் குறைகிறது, நித்திரையைக் கெடுக்கிறதா, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று பிரித்துக் கேட்க வேண்டும். வலியின் தன்மையும் முக்கியம். எரிவு, ஊசி குத்தல், கரண்ட் அடித்த மாதிரி என்று சொன்னால் அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு வழமையான வலி மாத்திரைகள் மட்டும் போதாது. வேறு வகை மருந்து சேர்க்க வேண்டியிருக்கும். அந்தச் சொல்லைக் குடும்பத்தவர் 'சும்மா நோகுதாம்' என்று சுருக்கிச் சொன்னால் சரியான மருந்து தள்ளிப்போகும்.

பேச முடியாதவரிடம் முகத்தைப் பார்க்க வேண்டும். நெற்றி சுருங்குவது, திருப்பும்போது முனகுவது, ஓர் இடத்தைக் கையால் காப்பது ஆகியவை வலியின் மொழி. திடீரென அமைதியின்மை வந்தால் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பது நல்ல தாதியின் பழக்கம். சலம் அடைபட்டு நிரம்பிய சலப்பையும் பல நாள் போகாத மலமும் ஒருவரைப் பைத்தியம் பிடித்தவர்போலப் புரள வைக்கும். அதற்கு நித்திரை மருந்து கொடுப்பது பிழையான வைத்தியம். சலத்தை வடிக்கும் குழாயான கதீட்டர் ஒன்று பத்து நிமிடத்தில் ஆளை ஆற்றிவிடும்.

மோர்பின் மீதுள்ள பயம்

இந்தத் துறையில் மிக அதிகமாகப் பிழையாக விளங்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். 'மோர்பின் தொடங்கினால் கதை முடிஞ்சது' என்கிறார்கள். 'அது தூள் மாதிரி, பழகிப்போடும்' என்கிறார்கள். இந்தப் பயத்தால் மாத்திரை அலுமாரியில் இருக்க, ஆள் கட்டிலில் துடித்துக்கொண்டிருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்கு ஒரு மூன்று படி முறையை வெளியிட்டது. முதற்படியில் பரசிற்றமோல் போன்றவை, அடுத்து மிதமான வலிக்கான மருந்துகள், மூன்றாம் படியில் மோர்பின். எந்தப் படி என்பதை வலியின் கடுமைதான் தீர்மானிக்கிறது. மோர்பின் எடுத்துக்கொண்டு பல மாதம், சிலவேளை வருடக்கணக்காக, வேலை வெட்டியோடு வாழ்பவர்கள் உண்டு. வலிக்காகச் சரியான அளவில் கொடுக்கப்படும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. இப்படி எடுப்பவர்கள் போதைக்கு அடிமையாவதும் அரிது. உடல் பழகிவிடுவதால் திடீரென நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். அடிமையாவது வேறு, இது வேறு.

சாதாரண மோர்பின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய 4 மணித்தியாலம். அதனால் வலி வரும்வரை காத்திருக்காமல் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி உச்சிக்கு ஏறிய பிறகு அதை இறக்க அதிக மருந்து தேவைப்படும். கணக்கு விளங்க ஓர் உதாரணம்: 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 5 மில்லிகிராம் என்றால் நாளொன்றுக்கு 30. இடையில் வலி வெடித்தால் கொடுக்கும் மேலதிக அளவு பொதுவாக நாள் அளவில் ஆறில் ஒன்று, அதாவது 5. ஒரு நாளில் மூன்று மேலதிக அளவு தேவைப்பட்டால் மொத்தம் 45. அதைப் பார்த்த டொக்டர் ஒவ்வொரு தடவையையும் 7.5 ஆக உயர்த்தக்கூடும். அதனால்தான் கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்கிறார்கள். கிளினிக்குக்கு அந்தக் கொப்பி இல்லாமல் போனால் டொக்டர் ஊகத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். அளவை வீட்டிலே தாங்களாக மாற்றவே கூடாது.

பிழைத்துப்போகும் இடங்கள் சில உண்டு. மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், நாளடைவில் தானாக மாறாது. ஆகவே மோர்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். ஒரு கிழமை கழித்து வயிறு கல்லாகிய பிறகு தொடங்கினால் நோயாளி மோர்பினையே வெறுத்துவிடுவார். குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் முதல் சில நாட்களில் குறைந்துவிடும், அதற்காக நிறுத்திவிட வேண்டியதில்லை. நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரை என்றால் அதை நசுக்கி, கரைத்துக் கொடுக்கக் கூடாது. 12 மணித்தியாலத்துக்குரிய மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும், உயிராபத்து. சிறுநீரகம் பழுதானவரின் உடலில் மோர்பினின் எச்சம் தங்கிவிடுவதால் அவருக்கு அளவும் இடைவெளியும் வேறு. தட்டி எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைந்த மூச்சு, கைகால் துள்ளல் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த தடவையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

"அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ"

வாட்டு வாசலில் மகன் மறித்துக் கேட்பது இது. கிண்ணியாவிலிருந்து வந்த குடும்பம் என்றால் "வாப்பாக்குச் சொல்லிராதீங்க மிஸ்" என்பார்கள். காரணம் அன்புதான். 'தாங்கமாட்டார்' என்று நம்புகிறார்கள்.

பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர் 1965இல் இந்த நிலைமையை நாலாகப் பிரித்தார்கள். நோயாளிக்குத் தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். நோயாளி சந்தேகப்படுகிறார். இரு பக்கத்துக்கும் தெரியும், ஆனால் தெரியாததுபோல் நடிக்கிறார்கள். எல்லோருக்கும் தெரியும், திறந்து பேசுகிறார்கள். நம் வீடுகளில் மூன்றாவதுதான் அதிகம். மஹரகமவில் கிளினிக் வரிசையில் இருந்தவருக்கு அது என்ன ஆஸ்பத்திரி என்று தெரியாமலா இருக்கும்? அவரும் மனைவி கலங்கக்கூடாது என்று, ஒன்றும் தெரியாதவர்போல இருப்பார். இரண்டு பேரும் தனித்தனியாக அழுவார்கள். காணி உறுதி யார் பெயரில், வங்கிப் புத்தகம் எங்கே, யாரைக் கடைசியாகப் பார்க்க ஆசை என்பவை பேசப்படாமலே போய்விடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை டிக்கெட் போடவும் பிந்திவிடும்.

தாதி இங்கே பொய் சொல்வதும் இல்லை, உண்மையைத் தலையில் போடுவதும் இல்லை. முதலில் குடும்பத்திடம் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்கிறார். பிறகு நோயாளியிடம், "உங்கட வருத்தத்தைப் பற்றி உங்களுக்கு என்ன விளங்கியிருக்கு ஐயா?" என்று கேட்கிறார். அடுத்த கேள்வி: "எல்லாத்தையும் நீங்களே கேட்டுத் தெரிஞ்சுகொள்ள விரும்புறீங்களா, இல்லாட்டி மகனோட கதைச்சாச் சரியா?" சிலர் மகனோடு கதைக்கச் சொல்வார்கள், அதுவும் அவருடைய உரிமை. சிலர் நேராகக் கேட்பார்கள். அப்போது டொக்டரோடு சேர்ந்து, ஓர் ஒதுக்குப்புறத்தில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும். "நான் சாகப் போறேனா?" என்று நடுச்சாமத்தில் கேட்டால் "சீச்சீ, அப்பிடி எல்லாம் யோசிக்காதேங்கோ" என்பது வாயை மூடும் பதில். "ஏன் இண்டைக்கு அப்பிடி நினைச்சீங்க?" என்று பக்கத்தில் இருப்பது கதவைத் திறக்கும்.

ஐந்து படிகளும் ஆறாத இழப்பும்

எலிசபெத் கியூப்ளர் ரோஸ் 1969இல் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளை எழுதினார். இதை ஒரு ஏணியாக எடுத்துக்கொண்டு, 'அம்மா இன்னும் ஏத்துக்கொள்ளேல்ல' என்று கவலைப்படுபவர்கள் உண்டு. அவர் பேசியது மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளோடு. எல்லோரும் ஐந்தையும் கடப்பதும் இல்லை, வரிசையாகக் கடப்பதும் இல்லை. காலையில் சவப்பெட்டி பற்றிப் பேசியவர் பின்னேரம் அடுத்த வருடத் திருவிழாவைப் பற்றிப் பேசுவார். கஞ்சி சூடு என்று மருமகளை ஏசுவதும் பல வேளை கஞ்சியைப் பற்றியது இல்லை.

நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு கனமான அடுக்கு கூட இருக்கிறது. பலர் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையோடு, சுனாமி கொண்டுபோன குழந்தையோடு இத்தனை வருடம் வாழ்ந்தவர்கள். பவுலின் பொஸ் என்ற அறிஞர் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறார்: ஆள் இருக்கிறாரா இல்லையா என்ற முடிவு இல்லாததால் துக்கமும் முடியாமல் நிற்பது. மரணப் படுக்கையில் அந்தத் தாய் 'அவன் வருவான், கதவைப் பூட்டாதேங்கோ' என்று சொன்னால் அதைத் திருத்தக் கூடாது. 'அவர் எப்பிடிப் பிள்ளை?' என்று கேட்டு, சொல்லவிட வேண்டும். 2006இல் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் ஓடி, வருடக்கணக்காக முகாம்களில் இருந்தவர்கள் சொந்தக் காணியில்தான் கண்ணை மூட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதையும் இப்படித்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். முடிந்தவரை அதற்கு வழிசெய்வது பராமரிப்பின் பகுதி.

சாரமாக: துக்கத்துக்கு அட்டவணை இல்லை. நோயாளி எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடத்துக்கு நாம் போக வேண்டும்.

கடைசி நாட்களில் உடல்

சாப்பாடு குறைவதுதான் குடும்பத்தை அதிகம் உடைக்கிறது. பட்டினி போட்டுக் கொல்கிறோமோ என்று நினைக்கிறார்கள். நோய்தான் அவரை எடுக்கிறது, அதனால்தான் பசி நின்றிருக்கிறது. விழுங்கத் தெம்பில்லாதவரின் வாயில் ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போகும். சேலைனும் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் உதவாது. உடல் அந்த நீரை வெளியேற்ற மாட்டாமல் கால் வீங்கும், நெஞ்சில் சளி கூடும். தாகம் என்று தெரிவது பெரும்பாலும் வாய் காய்வதுதான். 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஈரமான சுத்தத் துணியால் வாயைத் துடைத்து, உதட்டுக்கு வாசலின் பூசினால் அது ஆறும்.

மூச்சு முட்டினால் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்துக்கு நேரே மின்விசிறியை வையுங்கள். கன்னத்திலும் மூக்கிலும் படும் காற்று மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கிறது. கரண்ட் போனால் பனையோலை விசிறி அதே வேலையைச் செய்யும். இரத்தத்தில் ஒட்சிசன் குறையாதவருக்கு முகமூடி மாட்டுவதால் கூடுதல் நன்மை இல்லை, பேச்சுத்தான் தடைப்படும். முதுகிலும் குதிக்காலிலும் புண் வராமல் இருக்க 2 முதல் 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும்.

கடைசி மணித்தியாலங்களில் மூச்சு வேகமாகி, மெதுவாகி, சிறிது நேரம் நின்று மீண்டும் தொடங்கும். கைகால் குளிர்ந்து, முழங்காலில் ஊதாப் படலம் தெரியும். தொண்டையில் கரகரச் சத்தம் வரும். விழுங்க முடியாமல் தேங்கிய எச்சில் அது, ஆள் பெரும்பாலும் உணராத நிலையில் இருப்பார். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தால் பல வேளை குறையும், அல்லது மருந்து உண்டு. குழாய் விட்டு ஆழமாக உறிஞ்சுவது வேதனையைத்தான் கூட்டும். காது கேட்கும் என்று எண்ணியே பக்கத்தில் பேசுங்கள். சொத்துச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

சடங்குகள்

சைவ வீடுகளில் பால் பருக்குவார்கள். கரண்டியால் ஊற்றினால் புரைக்கேறி மூச்சடைக்கும். விரலால் அல்லது பஞ்சால் உதட்டில் ஒரு துளி தடவினால் சடங்கும் நிறைவேறும், ஆளும் வேதனைப்பட மாட்டார். முஸ்லிம் நோயாளிக்குக் கட்டிலைக் கிப்லா (மக்கா) பக்கம் திருப்பவும், காதருகே கலிமா சொல்லவும், யாஸீன் ஓதவும் வாட்டில் இடம் கொடுக்க வேண்டும். ஜனாஸா தாமதமாகாமல் இருக்க, பத்திரங்களை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துவது பேருதவி. கத்தோலிக்கக் குடும்பங்கள் நோயிற்பூசுதலைக் கடைசி மூச்சுக்கு என்று தள்ளிவைப்பது வழக்கம். அது கடும் நோயில் உள்ள எவருக்கும் உரியது, நினைவோடு இருக்கும்போதே சுவாமியாரை அழைக்கலாம்.

நடந்த பிறகு

எதிர்பார்த்த மரணம் வீட்டில் நடந்தால் ஓட வேண்டியதில்லை. நேரத்தைக் குறித்துக்கொண்டு, கிராம உத்தியோகத்தருக்குத் தெரிவித்துப் பதிவுக்கான அறிக்கையைப் பெற வேண்டும். கிளினிக் கொப்பியும் ஆஸ்பத்திரி தந்த நோய் விவர அட்டையும் கைவசம் இருந்தால் கேள்விகள் குறையும்.

துக்கத்தைப் பற்றி மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் சொன்னது நம் வழக்கத்தோடு பொருந்துகிறது. இழந்தவர் ஒரு நேரம் இழப்புக்குள் மூழ்குவார், இன்னொரு நேரம் வாழ்க்கை வேலைகளுக்குத் திரும்புவார். இப்படி மாறி மாறிப் போவதுதான் ஆறும் வழி. எட்டுச் செலவும் 31ஆம் நாள் அந்தியேட்டியும், முஸ்லிம் விதவைக்குரிய 4 மாதம் 10 நாள் இத்தாவும் அந்த மூழ்குதலுக்கு நேரம் ஒதுக்குகின்றன. அந்தியேட்டிக்கு முன்னரே ஒருவர் சிரித்துவிட்டால் அன்பில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். சிறுபிள்ளைகளிடம் 'தாத்தா நித்திரை' என்று சொல்லாதீர்கள், பிறகு அந்தப் பிள்ளை நித்திரைக்கே பயப்படும். செத்துப்போனார், இனி வரமாட்டார், அது உன் பிழை இல்லை என்று நேராகச் சொன்னால் விளங்கும்.

ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் சற்றும் தணியாமல், வேலையோ வீட்டுக் காரியமோ செய்ய முடியாதபடி இருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதை நீடித்த துயர்க் கோளாறு என்கிறது. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஆறு மாதம் வரை பார்த்திருக்காமல், அன்றைக்கே ஒருவர் அவரை ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.